அசையாத திரைச்சீலை

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதி செயலிழந்துபோன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் கேமரா வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அக்காவின் கணவர், எங்கள் பாவா, இறந்ததும் அவள் என்னிடம் வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரக்கோணத்தில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணாடி விற்கும் பிரிவில் எனக்கு வேலை. காலையில் மின்சார ரயிலைப் பிடித்தால் சாயங்காலம்தான் திருத்தணிக்குத் திரும்புவேன். அதுவரை அக்கா வீட்டில் தனியாக இருக்க வேண்டும். கைத்தடியை ஊன்றி மெதுவாக நடப்பாள், கழிப்பறைக்குப் போய்வருவாள், மூடி வைத்ததைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். ஆனால் விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. டாக்டர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ் நிலையத்துக்கு அருகே மொபைல் கடை வைத்திருப்பவர் வந்து கேமராவைப் பொருத்தினார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை உருண்டை. ஹாலில் டிவிக்கு மேலே பலகையில் உட்கார்ந்தது. அறையில் யார் நடந்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். நான் போனில் பார்க்கலாம், பேசலாம், அக்கா பேசுவதைக் கேட்கலாம்.

"நீங்க ஆஸ்பத்திரியில உக்காந்துகினே வீட்ல இருக்கிறா மாதிரிம்மா. கவலையே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா முதல் வாரம் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். நான் போனைத் திறந்தால் பச்சைக் கட்டம் போட்ட இருட்டுதான் தெரியும். சாயங்காலம் வந்து கேட்டால் கோபப்பட்டாள்.

"நான் இன்னா திருடியா, என்னை வேவு பாக்கறதுக்கு? புடவை கட்டிகினு இருந்தாலும் பாக்குது, சாப்ட்டாலும் பாக்குது. திரும்பித் திரும்பிப் பாக்குது பாப்பா அது. எனக்குப் பயமா கீது."

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"அது பாக்கல அக்கா. நான் பாக்கறேன். அதுல இருக்கறது நான்னு நெனச்சிக்கோ" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் எப்படியோ இறங்கிவிட்டது. மறுநாள் துண்டு இல்லை. அதற்கடுத்த வாரம் அதனுடன் பேச ஆரம்பித்தாள். வேலைக்கு நடுவில் போனைத் திறந்தால், "சாம்பார்ல உப்புப் போட மறந்துட்டே" என்பாள். "மழை வர்றா மாதிரி இருக்குது, கொடை எடுத்துகினு போனியா?" என்பாள். நான் பார்க்காத நேரத்திலும் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலையில் எண்ணெய் தடவித் தலைசீவி, கேமராவைப் பார்த்தபடி பொட்டு வைத்துக்கொள்வாள். தனியாக இருக்கும் பயம் அவளை விட்டுப் போயிற்று. எனக்கும் போயிற்று. வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டுவதற்கு நடுவே ஒருமுறை போனைப் பார்ப்பேன். அக்கா நாற்காலியில் இருப்பாள். அது போதும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. அரக்கோணம் வேறு மாவட்டம் என்பதால் அங்கே வேலை நாள்தான். எங்கள் வீடு சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இருக்கிறது. அந்த நாட்களில் காவடி எடுத்து வருகிறவர்கள் சந்தையும் விடமாட்டார்கள். முந்தின நாளே பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கம்பத்துக்குக் கம்பம் சீரியல் விளக்கு இழுத்துவிட்டார்கள். அக்காவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கத் திருவாலங்காட்டிலிருந்து வரும் பெண் கூட்டத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அந்த வீட்டம்மாவிடம்தான் இருக்கும். அவர்கள் எல்லோரும் விடியும் முன்னே மலைமேல் போய்விட்டார்கள்.

நான் லீவு கேட்கலாமா என்று யோசித்தேன். அக்காதான் வேண்டாமென்றாள்.

"நீ போயிட்டு வா. எங்கே போனாலும் நீ இங்கேதானே இருக்கே" என்று கேமராவைக் காட்டிச் சிரித்தாள்.

கதவிலேயே பதித்த பூட்டு. வெளியிலிருந்து பூட்டிவிட்டு, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நீந்தி ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் முதல் ஆள் வருவதற்கு முன்பு போனைத் திறந்தேன். அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. முகம் ஜன்னல் பக்கம். மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை ஒரு ஓரம் தூக்கியிருந்தது. மூலையில் 'நேரலை' என்று பச்சை எழுத்து. மூடி வைத்துவிட்டேன். அன்று கூட்டம் அதிகம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்தேன். அக்கா உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்கிறாள், காவடி போகிறதல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் ஒருமுறை பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்காவிடம் பேசலாம் என்று போனில் சத்தத்தைக் கூட்டினேன்.

"அக்கா, சாப்டியா?"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். ஒரு சின்ன ஓசையும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடிக் கிருத்திகை அன்று, எங்கள் சந்தில், ஒலிபெருக்கி வாசலிலேயே கட்டியிருக்கும்போது, சத்தமே இல்லாமல் எப்படி இருக்கும்?

படத்தை உற்றுப் பார்த்தேன். திரைச்சீலை ஒரு ஓரம் தூக்கியிருந்தது. காற்றில் தூக்கிய துணி கீழே இறங்க வேண்டும். அது இறங்கவில்லை. காலையில் எந்த இடத்தில் பார்த்தேனோ அதே இடத்தில், அதே மடிப்போடு நின்றது. அக்காவின் மடியில் அதே தட்டு. பச்சை எழுத்து மட்டும் அப்படியே 'நேரலை' என்றது.

காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு போட்டோவை.

அக்காவின் போனுக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. பக்கத்து வீட்டம்மாவுக்குக் கூப்பிட்டேன், அதே பதில். அத்தனை லட்சம் ஜனம் ஒரு ஊரில் நிற்கும்போது டவர் திணறும், அது தெரிந்த விஷயம்தான். ஒன்றும் ஆகியிருக்காது, நெட் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாட்டு டப்பாவை மூட முடியவில்லை. என்னோடு வேலை செய்கிற பெண் அதை வாங்கி மூடினாள்.

"முதல்ல கெளம்புங்க. நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

ரயில் பெட்டி முழுக்க மஞ்சள் உடை. காவடிகள், பூக்கூடைகள், வேர்வையும் விபூதியும் கலந்த வாசனை. அரோகரா என்று ஒருவர் ஆரம்பித்தால் பெட்டியே சேர்ந்துகொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. மூடுவேன், திறப்பேன். ஒவ்வொரு முறையும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அந்தப் படத்துக்குப் பின்னால், இந்த நேரத்தில் அந்த அறையில் வேறு ஏதோ இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்தேனா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்கு மறுபடி பக்கவாதம் வந்திருந்தால், வாய் கோணிக் கிடந்தால் என்று யோசித்தேன். அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாளின் பேச்சில் தெலுங்கு வாடை அடித்தது. என் போனை எட்டிப் பார்த்தாள்.

"உங்க அக்காவா? நல்லாத்தானே உக்காந்துகினு இருக்காங்க. எதுக்கும்மா அழறீங்க?"

நான் அழுதுகொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இது உண்மையில்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது? தலையை மட்டும் ஆட்டினேன்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடை தூரம்தான். அன்று அந்தத் தூரம் முடியவே இல்லை. வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் மலைப்பக்கம் போகிறார்கள், நானும் அதே பக்கம்தான் போக வேண்டும். ஆனாலும் கூட்டம் அதன் வேகத்தில்தான் நகர்ந்தது. வழி விடுங்க என்று கத்தினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சந்து முனையில் பந்தல் சாமான் ஏற்றிவந்த லாரி நின்றிருந்தது. அதன் மேலே, கம்பத்திலிருந்து கறுப்பு வயர் ஒன்று அறுந்து தொங்கியது. எங்கள் வீட்டு இன்டர்நெட் வயர். காலையிலேயே, உள்ளே வரும்போது, யாருக்கும் தெரியாமல் லாரி அதை இழுத்து அறுத்திருக்கிறது.

கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அக்கா ஒருநாளும் தாழ்ப்பாள் போடமாட்டாள், போடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். கதவைத் தட்டினேன், குத்தினேன். ஒலிபெருக்கி தலைக்கு மேலே அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஓடினேன். கொசுவலை வழியாகப் பார்த்தேன். திரைச்சீலை மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. தட்டு கீழே கிடந்தது.

சந்து முனையில் பைக் மெக்கானிக் ஒருவர் கடை வைத்திருக்கிறார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் ஓடினேன். கடைக்குள் வெளியூர்க்காரர்களின் வண்டிகளை நெருக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"பாய், அக்கா உள்ளே இருக்குது. தாழ்ப்பாள் போட்டிருக்குது. சத்தம் இல்ல பாய்."

அவர் பிடித்திருந்த வண்டியை அப்படியே சாய்த்துவிட்டார். ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். முன்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது தேக்கு, நேரம் ஆவும். பின்னாடி கதவு இன்னா கதவு?" என்றார். பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறிப் பின்பக்கம் குதித்தார். நானும் எப்படியோ ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பின்கதவின் கொண்டியை அவர் கம்பியால் நெம்பினார். இரண்டு மூன்று நெம்பலில் அது பிய்ந்து வந்தது.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "நீங்க போங்கம்மா. புடவை கிடவை விலகியிருக்கும். கூப்புட்டா வரேன்."

அக்கா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் தரையில். கண் திறந்திருந்தது. ஒரு கணம் நான் நகராமல் நின்றேன். அந்தக் கண் இமைக்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இமைத்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல், பலகையின் மேலே பார்த்துக்கொண்டே, "வந்துட்டியா" என்றாள்.

நானும் அங்கே பார்த்தேன். கேமரா தலையைத் திருப்பி, கொஞ்சம் குனிந்து, அக்கா கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் நீலப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று அவள் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னாள். காவடிக்கு வந்தவர்கள் யாரோ தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தப்பானவர்கள் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறவளுக்குப் பயம் வந்துவிட்டது. தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலில் ஆட்கள் இருந்ததால் நாற்காலிக்குத் திரும்ப மனசில்லாமல் சமையலறைப் பக்கம் திரும்பினாள். தடி வழுக்கிவிட்டது.

அன்று ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர வழியில்லை. பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து ஒரு பக்கம் தூக்கினார். காவடிக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் காவடியை எங்கள் வாசலில் சாய்த்துவிட்டு மறுபக்கம் பிடித்தார்கள். நான் முன்னால் கையை வீசிக்கொண்டு ஓடினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பில் விரிசல், மணிக்கட்டு வீக்கம், உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் பாப்பா பதில் சொல்லல?"

"எதுக்கு அக்கா?"

"விழுந்ததுல இருந்து உன்கிட்டத்தான் பேசிகினு இருந்தேன். விழுந்துட்டேன் வா, விழுந்துட்டேன் வான்னு. அது என்னைத்தான் பாத்துகினு இருந்துச்சி. லைட்டு எரிஞ்சிச்சி. சரி, நீ கெளம்பிட்டே, ரயில்ல வந்துகினு இருக்கேன்னு நெனச்சிகினேன்."

அவள் தொடர்ந்தாள்.

"கொஞ்சம் நகந்து போயி கதவத் தட்டியிருப்பேன். வலது கை நல்லாத்தானே கீது. வெளியே அவ்ளோ ஜனம். யாராச்சும் கேட்டிருப்பாங்க. நீதான் பாக்கறியேன்னு பேசாம படுத்துட்டேன்."

அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் தூங்கவில்லை. அவள் அங்கிருந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வயர் இல்லை. அது இல்லையென்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. விழுந்ததைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

மொபைல் கடைக்காரர் வருத்தத்தோடு வந்து பார்த்தார். வயர் அறுந்தால் சிம் கார்டு வழியாக ஓடும்படி வேறொன்று மாட்டலாம், தொடர்பு போனால் மணி அடிக்கும்படி செய்யலாம் என்றார். நான் வேண்டாமென்று சொல்லி, பலகையிலிருந்து அதைக் கழற்றப் போனேன். கட்டிலில் படுத்திருந்த அக்கா தடுத்தாள்.

"கழட்டாதே."

"உன்னை ஏமாத்தினது அக்கா அது."

"அது ஏமாத்தல. வயர் அறுந்துபோச்சி. நீ வேலைக்குப் போனா நான் இந்தச் சுவரோட பேசணுமா?"

"அதுவும் சுவருதான்."

"இல்ல பாப்பா. அது இல்லாம என்னால தனியா இருக்க முடியாது."

அவள் குரலில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. விழுந்து கிடந்தபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்திருந்தது. கேமராவைப் பலகையிலேயே விட்டுவிட்டேன். கடைக்காரர் சொன்னதையெல்லாம் மாட்டினோம். தாழ்ப்பாளைக் கழற்றினோம். பக்கத்து வீட்டம்மா மத்தியானம் கோயில் வேலை முடிந்து வரும்போது உள்ளே வந்து அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகிறாள். பாயின் நம்பர் என் போனில் இருக்கிறது.

ஆனால் எனக்குள் இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. இப்போது போனைத் திறந்து அக்கா நாற்காலியில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. முதலில் அவள் உயிரோடு அசைகிறாளா என்று பார்க்கிறேன். அதுவும் போதாமல், "அக்கா, கையத் தூக்கு" என்கிறேன். என் குரல் அரக்கோணத்திலிருந்து எங்கெங்கோ சுற்றி அந்த ஹாலுக்குப் போய்ச் சேரவும், அவள் தூக்கிய கை திரும்பி வந்து என் போனில் தெரியவும் கொஞ்ச நேரம் ஆகிறது. சில நாள் அதிக நேரம் ஆகிறது. வாடிக்கையாளர் எதிரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கா என்று கேட்டபடி நிற்பார். நான் பதில் சொல்லாமல் அந்தக் கைக்காகக் காத்திருப்பேன். கை எழும்போதுதான் மூச்சு வெளியே வரும்.

அக்கா இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். சென்ற வாரம், கை தூக்கச் சொன்னபோது அவள் தூக்கிவிட்டு, இறக்காமலே கேட்டாள்.

"நான் கை தூக்கினா உனக்குத் தெரியுது. நீ நெஜமா பாக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும் பாப்பா?"

போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனேன்.

"பச்சைப் புடவை கட்டியிருக்கே. இன்னிக்குப் பொட்டு வைக்கல" என்றேன்.

அக்கா கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். வலது கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆங்" என்றாள். "நாளைக்கும் சொல்லு."